வாயிலுக்குள் ஒரு வாய்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

ஒரு பென்சிலும் துண்டுத் தாளும் எடுத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படிக்கும்படி வேண்டுகிறேன். நான் எழுதப்போவது ஜப்பானிய எழுத்துகளைப் பற்றி. அவற்றை இங்கே அச்சில் காட்டப் போவதில்லை. சொல்லால் மட்டுமே வரையப் போகிறேன். நீங்களும் கூடவே கோடு போட்டுப் பார்த்தால்தான் நான் சொல்வது விளங்கும்.

நேராக நிற்கும் கோடு ஒன்று போடுங்கள். அதன் மேற்பகுதியில் குறுக்கே ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து இடப்பக்கம் சரிந்து இறங்கும் கோடு ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நான்கே கோடுகள். இது மரம். பக்கத்திலேயே இன்னொரு மரம் போட்டால் தோப்பு. அந்த இரண்டு மரங்களின் தலைக்கு மேல் மூன்றாவதாக ஒன்றை ஏற்றி வைத்தால் காடு. பார்த்தீர்களா, ஒரு நிமிடத்திற்குள் மூன்று எழுத்துகளின் பொருள் உங்களுக்குத் தெரிந்துவிட்டது!

இவ்வெழுத்துகளுக்குக் 'கன்ஜி' என்று பெயர். (சிலர் தமிழில் இதைக் 'கஞ்சி' என்றே எழுதிவிடுகிறார்கள். எனக்குத் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகள் நினைவுக்கு வருகின்றன.) சீனத்து ஹான் எழுத்து என்பது அச்சொல்லின் பொருள். ஜப்பானியர் தங்களுக்கென எழுத்தில்லாத காலத்தில் சீனாவிலிருந்து இவற்றைப் பெற்றுக்கொண்டனர். பிற்காலத்தில் இவற்றைச் சுருக்கியே ஒலியைக் காட்டும் ஹிரகானா, கதகானா என்னும் இருவகை எழுத்துகளையும் ஆக்கிக்கொண்டனர். அவை வகைக்கு 46. ஆனால் அவற்றை மட்டும் கற்றால் ஜப்பானியச் செய்தித்தாளை வாசிக்க இயலாது. பொது வழக்குக்குரியவை என்று அந்நாட்டு அரசு 2010-இல் வெளியிட்ட பட்டியலில் 2,136 கன்ஜி எழுத்துகள் உள்ளன. தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் மட்டும் 1,026 கற்கவேண்டும். முதல் வகுப்புக் குழந்தைக்கு 80. அ முதல் னௌ வரை 247-ஐக் கற்றதும் எந்தப் புத்தகத்தையும் எடுத்து வாசித்துவிடும் நாம், இதைக் கேட்டுச் சற்றே பெருமூச்சு விடலாம்.

எனக்கும் இந்த எழுத்துகளுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயமே. சென்னையில் ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் சித்தி, பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுகளாக வெட்டி, ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் தமிழில் பொருளும் எழுதி வைத்திருந்தார். விடுமுறைக்கு வந்தவர் அவற்றை எங்கள் வீட்டில் விட்டுச் சென்றார். அன்று முதல் நானும் தங்கையும் அம்மாச்சியும் சாப்பாட்டிற்குப் பின் அவற்றை வைத்து விளையாடுகிறோம். "இது எந்தப் பரீட்சைக்கு?" என்று அப்பா கேட்கிறார். இவ்வாண்டு நான் அரசுப் பொதுத் தேர்வு எழுதவேண்டியவள் ஆதலால் அக்கேள்விக்கு எங்கள் வீட்டில் பலம் அதிகம். வீட்டில் மட்டுமல்ல, விளையாட்டால் வரும் அறிவு உண்மையான அறிவாகாது என்ற எண்ணம் பொதுவாகப் பெரியவர்கள் பலரிடமும் இருக்கிறது. அந்த எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எல்லா விளையாட்டும் ஒன்றல்ல. சீட்டுகளைப் பரப்பி வைத்து, ஒருவர் பொருளைச் சொல்ல, யார் முதலில் எழுத்தின்மேல் கை வைக்கிறார்களோ அவருக்கே சீட்டு என்பது ஒருவகை. ஜப்பானில் இதுபோன்ற ஆட்டத்திற்குக் 'கருதா' என்று பெயர். இது ஜப்பானியச் சொல்லே அன்று! போர்த்துக்கீசியர் 1543-இல் அந்நாட்டுக் கரையில் இறங்கியபின் அவர்களுடைய 'கார்ட்டா' என்ற சொல் அங்கே தங்கிவிட்டது. நம்மூர்ப் பெரியவர்கள் கடிதத்தைக் 'கடுதாசி' என்பார்களே, அதுவும் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றதுதான். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய புனித பிரான்சிஸ் சவேரியார் 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினார் என்பதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்றும் ஜப்பானியர் 'பான்' என்றும் சொல்வதும் அந்தக் கப்பல்களின் வேலையே.

பேச்சு எங்கோ போய்விட்டது. இந்த வேக ஆட்டம் உற்சாகமானதுதான். ஆனால் இதில் கற்பது குறைவு. மூன்றாம் நாள் முதல் என் தங்கை எழுத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். மூலையில் தங்கப் பூ அச்சடித்த சீட்டு 'மழை', மஞ்சள் கறை பட்டது 'காது' என்று அவளுக்கு ஒரு தனிக் கணக்கு. சீட்டை மாற்றி எழுதினால் அவளுடைய ஜப்பானிய மொழிப் புலமை அன்றே முடிந்துவிடும்!

இன்னொரு வகை ஆட்டம் உண்டு. கன்ஜி எழுத்துகளில் மிகப் பல, சிறு சிறு உறுப்புகள் சேர்ந்து ஆனவை. அந்த உறுப்புகளைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிவைத்து, கைக்கு வந்த இரண்டைச் சேர்த்து ஓர் எழுத்து ஆகுமா, ஆனால் என்ன பொருள் தரும் என்று ஊகிக்கவேண்டும். மனிதன் பக்கத்தில் மரத்தை வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட எங்கள் அம்மாச்சி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வேலை முடிஞ்சு மரத்தடியில உக்காந்திருக்கான், இளைப்பாறுறான்" என்றார். பின்பக்கம் எழுதியிருந்ததும் 'ஓய்வு' என்பதுதான். வயலும் வலிமையும் சேர்ந்தால் ஆண்மகன். சூரியனும் சந்திரனும் சேர்ந்தால் வெளிச்சம். இப்படி ஊகித்துக் கண்ட பொருள் மறப்பதில்லை. எழுத்தின் வயிற்றைத் திறந்து உள்ளே பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. நான் பரிந்து பேசுவது இந்த ஆட்டத்துக்காகத்தான்.

இது இன்று நேற்று வந்த ஆட்டமும் அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜப்பானிய அரண்மனைகளில் 'ஹென்ட்சுகி' என்றொரு விளையாட்டு இருந்தது. எழுத்தின் ஒரு பகுதிக்கு ஏற்ற மறுபகுதியைச் சேர்ப்பதே அது. பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும் ஆடியிருக்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு என்ற பெண்மணி எழுதிய 'கென்ஜியின் கதை'யில், கதைத்தலைவன் சிறுமி ஒருத்தியுடன் இதை ஆடிப் பொழுது போக்குவதாக வருகிறது.

பெண்கள் ஏன் விளையாட்டாக ஆடினார்கள் என்பதைக் கவனியுங்கள் தோழியரே! அக்காலத்தில் கன்ஜியை 'ஆண் கை' என்றும் ஹிரகானாவைப் 'பெண் கை' என்றும் வழங்கினர். அரசாங்க ஆவணங்களும் சீன இலக்கியமும் ஆண்களுக்குரியவை. கன்ஜி படித்த பெண்ணை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். முரசாகி தம் நாட்குறிப்பில் எழுதியிருப்பது இது: சிறுவயதில் அவருடைய சகோதரன் தந்தையிடம் சீன நூல்களைப் பாடம் கேட்கும்போது அவர் அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். சகோதரனுக்கு வராத இடமெல்லாம் அவருக்குச் சட்டென்று வந்துவிடும். தந்தையோ மகிழவில்லை. இவள் ஆணாகப் பிறக்கவில்லையே என்று வருந்தினாராம். வளர்ந்தபின் முரசாகி, ஒன்று என்ற எழுத்தைக்கூட எழுதத் தெரியாதவர்போல நடந்துகொண்டார். ஒன்று என்பது ஒரே ஒரு கிடைக்கோடு! உலகின் மிகப் பழைய நாவல்களில் ஒன்றை எழுதியவர் ஒரு கோடு போடத் தெரியாது என்று நடிக்கவேண்டியிருந்தது. அரசி ஷோஷிக்குச் சீனக் கவிஞர் பாய் ஜூயியின் கவிதைகளை அவர் கற்பித்ததும் பிறர் கண்ணில் படாமல்தான்.

பாடமாகக் கேட்க அனுமதி இல்லாத இடத்தில், விளையாட்டை யாரும் தடுக்கவில்லை. பெண்கள் அந்த வழியாகவும் எழுத்துக்குள் நுழைந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். விளையாட்டு வேறு, படிப்பு வேறு என்று பிரிப்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இனி, என் தலைப்புக்குரிய எழுத்து. இரண்டு கதவுகள் எதிரெதிரே நிற்பதுபோல் வரையுங்கள், அது வாயில். அதற்குள் ஒரு சிறு சதுரம் போடுங்கள்; சதுரம் என்றால் வாய். வாயிலுக்குள் ஒரு வாய். பொருள்: வினவுதல். சதுரத்தை எடுத்துவிட்டு அங்கே காதை வையுங்கள். பொருள்: செவியால் கேட்டல். தமிழில் 'வாயில்' என்ற சொல்லுக்குள்ளேயே வாய் இருக்கிறது. அதோடு நாம் வினவுவதையும் கேட்பது என்கிறோம், செவிமடுப்பதையும் கேட்பது என்கிறோம். ஜப்பானியரும் 'கிகு' என்ற ஒரே வினைச்சொல்லால் இரண்டையும் குறிப்பார்கள்! இதைச் சித்தி சொன்னபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எந்த மதிப்பெண்ணோடும் ஒப்பிட முடியாது.

ஆனால் இங்கேதான் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. வாசலில் நின்று ஒருவர் வாயால் வினவுகிறார், உள்ளே இருப்பவர் காதால் கேட்கிறார் என்று நாங்கள் கதை கட்டினோம். அழகான கதை, உண்மையான வரலாறு வேறு. வாயிலுக்குரிய எழுத்தின் ஒலி 'மொன்'. வினவுதலைக் குறிக்கும் எழுத்தின் ஒலியும் 'மொன்'. அந்த எழுத்தில் வாயில் நிற்பது ஒலியைக் காட்டுவதற்காகவே. பொருளைத் தருவது உள்ளிருக்கும் வாய். காது உள்ள எழுத்திலும் அப்படியே. கன்ஜியில் பெரும்பாலானவை இவ்வாறு ஓர் உறுப்பால் பொருளையும் மற்றோர் உறுப்பால் ஒலியையும் காட்டுபவை. சீன அறிஞர் சூ ஷென் கி.பி. 100-ஐ ஒட்டித் தொகுத்த அகராதியிலேயே இந்தப் பாகுபாடு உள்ளது. சூரியனும் சந்திரனும் சேர்ந்து வெளிச்சம் என்றேனே, அதற்கும் பழைய வடிவம் ஒன்றில் சூரியன் இருக்கும் இடத்தில் சாளரம் இருந்திருக்கிறது.

அப்படியானால் கதை கட்டுவது பொய் கற்பதாகாதா என்று வகுப்பில் ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. நினைவில் நிற்பதற்காக நாம் கட்டும் கதை வேறு, எழுத்து பிறந்த வரலாறு வேறு என்று தெரிந்து ஆடினால் தவறில்லை. கட்டடம் எழும்பும் வரை சாரம் கட்டத்தான் செய்கிறார்கள். அதைக் கட்டடம் என்று யாரும் குடியேறுவதில்லை. நகோயா நகரத்திலுள்ள நான்சான் என்னும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹைசிக் என்பவர் 1970-களில் எழுதிய கன்ஜி நூலின் முதற்பாகத்தில் ஒலியே கிடையாது. எழுத்தின் வடிவம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருட்சொல், நினைவில் வைக்கக் கதை, அவ்வளவுதான். 2,000-க்கும் மேற்பட்ட எழுத்துகளை அவ்வழியில் கற்பிக்கிறார். அந்த முறையைக் குறைகூறுவோரும் உண்டு. ஒலி தெரியாமல் பொருள் மட்டும் தெரிந்தால் ஒரு வரியையாவது வாய்விட்டு வாசிக்க முடியுமா என்பது அவர்கள் வாதம். முடியாது. எங்கள் வீட்டில் மூவருக்கும் 'காடு' தெரியும். ஜப்பானில் போய் இறங்கி ஒரு குவளைத் தண்ணீர் கேட்கத் தெரியாது.

பொருளும்கூட ஓரளவே கைகொடுக்கும். கையும் தாளும் சேர்ந்தால் ஜப்பானில் கடிதம். இன்றைய சீனத்தில் அதே இரண்டு எழுத்துகள் கழிவறைத் தாளைக் குறிக்கும்! முயற்சி, வலிமை என்னும் இரண்டு எழுத்துகள் சேர்ந்தால் ஜப்பானியருக்குப் 'படித்தல்'. சீனருக்கோ 'மனமில்லாமல் வலிந்து செய்தல்'. (எங்கள் வகுப்பில் இரண்டு பொருளும் பொருந்தும்.) ஆகவே, இந்த ஆட்டத்தால் மொழி வந்துவிடும் என்று நான் வாதாடவில்லை. 2,000 எழுத்துகள் அந்நியராக நிற்கும் கூட்டத்தில், சிலரையாவது முகம் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். அதன்பிறகு அவர்களிடம் பேச்சுக் கொடுக்கப் பயம் இருப்பதில்லை.

குழந்தைகள் சிரித்துக்கொண்டே கற்பார்கள் என்பதை ஜப்பானியப் பதிப்பகம் ஒன்று நன்கு அறிந்திருக்கிறது. 2017-இல் அது வெளியிட்ட கன்ஜிப் பயிற்சி நூல்களில், எல்லா எடுத்துக்காட்டு வாக்கியங்களிலும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அச்சொல் மலத்தைக் குறிக்கும் குழந்தைச் சொல். நூல்கள் பல இலட்சக்கணக்கில் விற்றன. இந்தப் பத்தியைச் சிஸ்டர் அடித்துவிடாமல் இருந்தால் நீங்களும் படிப்பீர்கள்.

நிற்க. நான் முக்கியமாகக் கருதும் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. உறுப்புகளைச் சேர்த்து ஆடும்போது 'பெண்' என்ற சீட்டு அடிக்கடி வரும். மூன்றே கோட்டில் எழுதும் எழுத்து அது. பெண்ணும் குழந்தையும் சேர்ந்தால் 'விருப்பம்'. பெண்ணும் பிறப்பும் சேர்ந்தால் 'குடும்பப் பெயர்'. இவை எங்களுக்குப் பிடித்திருந்தன. அடுத்து, மூன்று பெண்களை ஒன்றாக அடுக்கினால் 'இரைச்சல்' என்று ஒரு பொருள். உணவு இடைவேளையில் நம் பள்ளி வராந்தாவைக் கண்டவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்; எனினும் மூன்று ஆண்கள் கூடினால் அமைதியா என்று கேட்கத் தோன்றுகிறது. பெண்ணின் பக்கத்தில் துடைப்பத்தை வைத்தால் 'மனைவி', 'மணமான பெண்'. கூரைக்குக் கீழே ஒரு பெண்ணை வைத்தால் 'நிம்மதி', 'அமைதி'. ஜப்பானியத்தில் இதே எழுத்துக்கு 'மலிவு' என்றும் பொருள் உண்டு.

இந்தக் கடைசிச் சீட்டு வந்தபோது அம்மாச்சி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏண்டி, நிம்மதி யாருக்கு?" என்றார்.

அதைவிடச் சிறந்த கேள்வியை நான் எந்தப் பாடப்புத்தகத்தின் பயிற்சிப் பகுதியிலும் கண்டதில்லை. பொருளை மனப்பாடம் செய்திருந்தால் 'கூரை, பெண், நிம்மதி' என்று எழுதிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போயிருப்போம். உறுப்புகளை வைத்து ஆடியதால்தான் அந்தப் பெண்ணைக் கண்டோம். அவளைக் கண்டதால்தான் கேட்டோம். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஷிரகாவா ஷிஸுகா என்னும் ஜப்பானிய அறிஞர் இந்தக் கூரையைச் சாதாரண வீடாகக் கொள்ளவில்லை. அது முன்னோரை வழிபடும் இடம், துடைப்பமும் அவ்விடத்தைத் தூய்மை செய்வதற்குரிய மதிப்புள்ள கருவி என்று விளக்கினார். இருக்கலாம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். இன்று அந்த எழுத்தைக் காண்பவர்கள் கண்ணில் படுவது துடைப்பந்தானே?

ஜப்பானியரும் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. அங்கே மருத்துவமனைச் செவிலியருக்குக் 'கங்கோஃபு' என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. கடைசி எழுத்தான 'ஃபு', நான் சொன்ன அந்தத் துடைப்பப் பெண்ணேதான். அதே வேலையைச் செய்யும் ஆணுக்கு வேறு எழுத்துள்ள பெயர். 2001-இல் சட்டத்தைத் திருத்தி, 2002 மார்ச் முதல் இருபாலாருக்கும் 'கங்கோஷி' என்ற ஒரே பெயரை ஆக்கினார்கள். இதில் 'ஷி' என்பது ஆசிரியரையும் வல்லுநரையும் குறிக்கும் எழுத்து. செவிலியராக விரும்பும் தோழியர் நம் வகுப்பிலேயே ஐவர் இருக்கிறார்கள். இந்தச் சீட்டை மட்டும் அவர்களுக்காகத் தனியே எழுதி வைத்திருக்கிறேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வு முடியும்வரை இரவில் பத்து நிமிடத்திற்கு மேல் ஆடுவதில்லை என்று அப்பாவிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். அதை மீறவும் இல்லை. ஆனால் 'எந்தப் பரீட்சைக்கு?' என்ற கேள்விக்கு, 'எதற்கும் இல்லை' என்ற பதிலையும் ஒரு பதிலாக அவர்கள் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. அம்மாச்சி எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறார்?

ஜப்பானில் முதல் இரண்டு வகுப்புகளுக்குரிய 240 சீட்டுகள் இப்போது என்னிடம் உள்ளன. தலைமை ஆசிரியை சிஸ்டர் அனுமதித்தால் அவற்றை நூலகத்தில் வைக்க விரும்புகிறேன். மூன்றாம் வகுப்புக்கு இன்னும் 200 வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை உள்ளவர்கள் கொண்டுவந்து தரலாம். மூலையில் பூ அச்சடித்தவை மட்டும் வேண்டாம்.